இடது கைக்கு வந்த பெட்டி

இடது கை இனிப் பழையபடி வராது என்று டாக்டர் சொன்னபோது நல்லகாமனுடன் யாரும் இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவி சுந்தரம்மாளிடம் வந்து, "இன்னும் மூணு மாசத்துல சரியாயிரும்கிறாக" என்றான். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, அவன் சட்டைக் கையை இழுத்து முழங்கைத் தழும்பை மூடிவிட்டாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு வந்தவனை, இடப்பக்கமாக முந்த நெருக்கி வந்த லாரி உரசிவிட்டுப் போயிருந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்புதான் கூடவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்னதைக் கொஞ்சம் கேட்டன. மற்ற மூன்றும் யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்த விரல்கள் மாதிரி மடங்கிக் கிடந்தன.

அவனுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. சிம்மக்கல்லில் மைக்செட் கடை வைத்திருந்த அப்துல் அலீம் நடத்திய மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷமாகக் கீபோர்டு வாசித்து வந்தான். மேடையில் அவனுக்கு முன்னால் இரண்டு பழைய சிந்தசைசர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ கழித்துவிட்டவை அவை. நிறைய திருகுகளும் தள்ளுகட்டைகளுமாக, பார்க்க டெலிபோன் எக்சேஞ்ச் மாதிரி இருக்கும். மேலே இருப்பதில் வலது கையால் பாட்டின் மெட்டு. கீழே இருப்பதில் இடது கையால் பேஸ் என்கிற கனத்த அடிச்சுரம். பேஸ் கிட்டார் வாசிக்கக் குழுவில் தனி ஆள் கிடையாது. அந்த இடது கைதான் குழுவுக்கே தரை.

அந்தத் தரையைச் சேர்ந்து போட்டவன் டிரம்ஸ் வாசிக்கும் சோணைமுத்து. நல்லகாமனின் இடது கையும் சோணைமுத்துவின் வலது காலும் பதினோரு வருஷம் ஜோடி போட்டு நடந்தவை. ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் சோணைமுத்துதான் உடனிருந்தான். சோறு பிசைந்து ஊட்டினான். தலை சீவிவிட்டான். "கை என்ன மாப்ள கை. முழுசா ஆள் கிடைச்சியே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழுவுக்குத் தற்காலிகமாகத் திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் வந்து வாசித்தார். அலீம் பாய் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் மழுப்பத் தெரியாதவர். வைகாசியில் ஒருநாள் நல்லகாமனைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆவணி முகூர்த்தத்துக்கு நீ மேடையில உக்காரணும் தம்பி. இல்லைன்னா அந்தத் திண்டுக்கல் ஆளையே வச்சுக்கிருவேன். தப்பா எடுத்துக்கிறாதே."

"வந்துருவேன் பாய்."

"கை?"

"நல்லா வருது பாய்" என்று சொல்லி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வேறு என்ன தொழில் செய்வது என்று யோசித்துப் பார்த்தான். ரேடியோ ரிப்பேர் படித்தவன்தான். ஆனால் பற்றவைக்கும் இரும்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும், கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். பசுமலை வீட்டில் பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, மூன்று விரல்களையும் வலது கையால் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பான். விட்டவுடன் அவை மடங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த சுந்தரம்மாள் மாலையில் திரும்பும் சத்தம் கேட்டதும் எழுந்து, ஏதோ வேலையாக இருப்பதுபோல் நிற்பான்.

அலீம் பாயின் கடை மாடியில் ஒரு பெட்டி கிடந்தது. சிங்கப்பூரில் இருந்து அவர் மைத்துனர் கொண்டுவந்த ரிதம் பாக்ஸ். வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தி வைத்தால், அதுவே டிரம் மாதிரி தட்டிக்கொண்டு ஓடும். வந்த புதிதில் சோணைமுத்து அதை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "வயித்துவலி வந்த கடிகாரம் மாதிரி இருக்கு" என்று சிரித்தான். அதற்கப்புறம் அதன்மேல் துண்டு போட்டு மூடியே கிடந்தது.

நல்லகாமன் பயிற்சிக்கு என்று சொல்லிக்கொண்டு தினமும் அந்த மாடிக்குப் போனான். பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை. கீழே லாரிகளில் மூட்டை இறக்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள், ஒன்றும் செய்யத் தோன்றாமல், ரிதம் பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். சத்தம் வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை இருந்தது. பேஸ் சிந்தசைசரின் முதுகிலும் பதினோரு வருஷமாக அவன் எந்த வயரும் சொருகியிராத ஒரு துளை உண்டு. இரண்டும் எதற்கு என்று பெட்டிகளுடன் வந்த புத்தகங்களைத் தேடி எடுத்து, படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தான்.

சிந்தசைசர் நூறு சுரங்கள்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் முதுகுத் துளைக்கு ஒரு சின்ன மின் துடிப்பு வந்தால், நினைவில் இருக்கும் அடுத்த சுரத்தை எடுத்து வாசிக்கும். இன்னொரு துடிப்பு வந்தால் அதற்கடுத்தது. ரிதம் பாக்ஸின் அந்தத் துளையோ, வேண்டிய இடத்தில் வேண்டிய துடிப்பை அனுப்பக் கூடியது. ஆக, எந்தச் சுரம் என்பதை சிந்தசைசருக்குச் சொல்லிவைக்க வேண்டும். எப்போது என்பதை ரிதம் பாக்ஸ் சொல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். கை தேவையில்லை.

வயரின் முனையைப் பற்களால் சீவி, தேவையான பின்னை ஒற்றைக் கையால் பொருத்துவதற்குள் இரண்டு நாள் ஆயிற்று. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் தப்புச் சுரமாக வந்தது. ஒருமுறை கரண்ட் போனதும் சொல்லிவைத்த சுரங்கள் எல்லாம் அழிந்துபோயின. அதிலிருந்து சிந்தசைசரை கரண்டில் ஓடவிடாமல், அதன் வயிற்றுக்குள் ஆறு பேட்டரிக் கட்டைகளைப் போட்டுவிட்டான். ரிதம் பாக்ஸுக்கு அந்த வசதி இல்லை. அது கரண்டில்தான் ஓடும். ஆனியின் கடைசி வாரத்தில் ஒரு முற்பகலில் பொத்தானை அழுத்தினான். பேஸ் புறப்பட்டது. யாரும் தொடாத கட்டைகளில் இருந்து, கனமாக, ஒரு சுரம் பிசகாமல்.

அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அந்தச் சத்தம் கேட்டு மாடிப்படி ஏறி வந்தவன் சோணைமுத்து.

"மாப்ள, யாரு வாசிக்கிறா?" என்று கேட்டவன், வயரைப் பார்த்தான். நல்லகாமனின் மடியில் கிடந்த கையைப் பார்த்தான். விஷயம் புரிய அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"சரியாகாதா?"

ஆகாது என்று நல்லகாமன் தலையை ஆட்டினான். ஒருத்தரிடமும் சொல்லாததை அப்படித்தான் முதலில் சொன்னான்.

சோணைமுத்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "போகட்டும். அதான் கை வந்துருச்சே" என்றான். "பாய்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ விசனப்படாத."

அவனே போய் அலீம் பாயைக் கூட்டிவந்தான்.

அலீம் பாய் கேட்டார். முகம் மலர்ந்தது. மறுநாள் முழுக் குழுவும் ஒத்திகைக்கு உட்கார்ந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. பெட்டி யாருக்காகவும் நிற்காது. சோணைமுத்துவோ பல்லவி முடிந்து சரணம் எடுக்கும்போது ஒரு மயிரிழை இழுத்துப் பிடிப்பவன். பாடுகிறவர் மூச்சு வாங்க அது இடம் கொடுக்கும். கேட்பவருக்கு ஏனென்று தெரியாமல் மனசு ஒரு படி இறங்கி ஏறும். பெட்டி அதற்குள் அடுத்த அடிக்குப் போயிருக்கும். ஐந்து பாட்டு முயன்றார்கள். ஐந்திலும் சரணத்தில் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தன. சோணைமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. பன்னிரண்டு வயதில் குச்சி பிடித்தவன், பெட்டியைத் துரத்திக்கொண்டு வாசித்தான்.

அலீம் பாய் எழுந்து வந்து, ரிதம் பாக்ஸின் திருகு ஒன்றைத் திருப்பினார். இதுவரை வயர் வழியாக வெறும் துடிப்பை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த பெட்டி, இப்போது தன் டிரம் சத்தத்தையும் சேர்த்துப் போட்டது. பேஸும் டிரம்மும் ஒரே அச்சில் வார்த்தமாதிரி இறங்கின.

"இதுலயே டிரம் இருக்கே" என்றார் அலீம் பாய்.

பெட்டியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருப்பது நல்லகாமனுக்குத் தெரியும். சரணத்தில் யாராவது அதைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்தால், சோணைமுத்துவோடு பெட்டியைக் கூட்டிப்போய்விடலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும். இல்லை, பேஸே வேண்டாம், நான் ஒற்றைக் கையால் வாசிக்கிறேன் என்றாவது சொல்லலாம். சொன்னால் அலீம் பாய் திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்புவார். நல்லகாமன் தன் இடது கையைப் பார்த்தான். சோணைமுத்து தன்னைப் பார்ப்பது தெரிந்தது. நிமிரவில்லை.

"சோணைமுத்தை நான் விட்டுற மாட்டேன்" என்றார் அலீம் பாய், யாரும் கேட்காமலே. "மைக்செட்டுல ஆள் பத்தலை. வயர் இழுக்க, பொட்டி தூக்க வரட்டும்."

சோணைமுத்து குச்சிகளைக் காக்கித் துணியில் சுற்றினான். "சரி பாய்" என்றான்.

ஆடி முழுக்க நல்லகாமன் பாட்டுகளின் தாளத்தைப் பெட்டிக்குள் ஏற்றினான். சிந்தசைசர் ஒரு சமயத்தில் ஒரு பாட்டைத்தான் வைத்துக்கொள்ளும் என்பதால், சுரங்களை நோட்டில் எழுதிக்கொண்டான். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "கைதான் சரியாகிக்கிட்டு வருதே, பெறகு என்ன?" என்று சுந்தரம்மாள் கேட்டாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சோணைமுத்து கடையில் ஒலிபெருக்கிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருப்பான். மாடி ஏறும்போது நல்லகாமன் "மாப்ள" என்பான். "ம்" என்பான் அவன். அவ்வளவுதான் பேச்சு.

ஆவணியின் முதல் முகூர்த்தம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். பெண்ணின் தகப்பனார் உக்கிரபாண்டி, கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் வாழையும் போடுகிற பெரிய சம்சாரி. ஊருக்கு வெளியே களத்தில் பந்தல் போட்டு, மாலை நாலு மணிக்குக் கச்சேரி வைத்திருந்தார். வேனில் நல்லகாமன் முன்சீட்டிலும், சோணைமுத்து பின்னால் பெட்டிகளோடும் வந்தார்கள். மேடைக்கு வயர் இழுத்தவன் சோணைமுத்துதான். ரிதம் பாக்ஸின் வயரையும் அவனே கொண்டுவந்து பிளக்கில் சொருகினான். மைக்செட் ஆம்ப்ளிஃபயர் லாரி பேட்டரியில் ஓடியது; சிந்தசைசர்கள் இரண்டிலும் பேட்டரிக் கட்டைகள். கிராமத்துக் கரண்டை நம்பியது ரிதம் பாக்ஸ் மட்டும்தான்.

முதல் ஏழு பாட்டுகள் நன்றாகப் போயின. சனம் பந்தல் நிறைய இருந்தது. நல்லகாமன் வலது கையால் மெட்டை வாசித்துக்கொண்டு, இடது கையைக் கீழ்க் கட்டைகளின்மேல் சும்மா போட்டு வைத்திருந்தான். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

எட்டாவது பாட்டின் நடுவே மணி ஐந்தாயிற்று. அந்தப் பக்கத்து வயல்களுக்கு மோட்டார் ஓட்ட மும்முனைக் கரண்ட் விடும் நேரம் அது. சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பந்தலில் தொங்கிய குண்டு பல்புகள் மஞ்சளாகி, சிவப்பாகி, கம்பி மட்டும் தெரிகிற அளவுக்கு இறங்கின. ரிதம் பாக்ஸ் இரண்டு அடி தள்ளாடியது. அப்புறம் டிரம்மும் இல்லை, பேஸும் இல்லை.

பாடகர் வெள்ளைத்துரை வாயைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தார். நல்லகாமன் பொத்தானை அழுத்தினான். பெட்டியின் விளக்கு மினுங்கிச் செத்தது. மறுபடி அழுத்தினான். கீழே யாரோ சிரித்தார்கள். இன்னும் பன்னிரண்டு பாட்டு பாக்கி. இடது கையைக் கட்டைகளின்மேல் அடித்தான். ஒரே சமயத்தில் நாலு சுரம் பிளிறியது. சிரிப்பு பெருகியது. உக்கிரபாண்டி முன்வரிசையில் இருந்து எழுந்து, "என்ன அலீம் பாய், பாட்டு வேணாம்னு நெனச்சிட்டியளா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. அலீம் பாய் மேடையோரம் வந்து பல்லைக் கடித்தார். "முடிஞ்ச மட்டும் கையால வாசி. கை சரியாயிருச்சுன்னு சொல்லியிருக்கேன் அவுககிட்ட."

நல்லகாமன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். எல்லாருக்கும் முன்னால் இந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அந்த லாரி முழுதாக ஏறியிருக்கலாம் என்று நினைத்தான். அப்போதுதான் வயர் கண்ணில் பட்டது. பெட்டி செத்துவிட்டது. சிந்தசைசர் சாகவில்லை. அதற்குள் பேட்டரியும் இருக்கிறது, சுரங்களும் இருக்கின்றன. அதற்கு வேண்டியது ஒரு துடிப்பு. யார் கொடுத்தால் என்ன?

"டார்ச் லைட் இருந்தாக் குடுங்க" என்று வெள்ளைத்துரையிடம் கேட்டான். மூன்று கட்டை டார்ச் ஒன்று முன்வரிசையில் இருந்து கைமாறி வந்தது. டார்ச்சின் பொத்தானைத் தள்ளிவிட்டு, அதன் பின்பக்க மூடியைக் கழற்றினான். வயரை ரிதம் பாக்ஸில் இருந்து பிடுங்கி, இரண்டு கம்பிகளையும் பிரித்து, ஒன்றை டார்ச்சின் தகரத்தோடு வைத்துக் கர்ச்சீப்பால் இறுக்கச் சுற்றினான். மற்றொன்றைப் பேட்டரியின் பின்முனையில் தொட்டான். பேஸ் ஒரு சுரம் எழுப்பியது. இன்னொருமுறை தொட்டான். கம்பி லேசாக உரசியதில் இரண்டு சுரம் தாண்டிவிட்டது. உரசாமல், சுத்தமாகத் தொட்டு எடுக்க வேண்டும். குச்சி தோலைத் தொட்டு எழுவதுபோல. வலது கை மெட்டுக்கு வேண்டும். இடது கையால் ஆகாது.

மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சோணைமுத்து நின்றிருந்தான்.

"மாப்ள" என்றான் நல்லகாமன். "வா."

சோணைமுத்து அசையவில்லை. "எனக்கு வயர் வேலை."

"இதுவும் வயர்தான். வா மாப்ள."

"அன்னைக்கு ஒரு வார்த்தை பேசுனியா நீ?"

"பேசலை."

"ஏன் பேசலை?"

"பயந்துட்டேன்" என்றான் நல்லகாமன். மைக் பக்கத்தில் இருந்தது. அது குழாய்களில் எல்லாம் கேட்டது. அவன் மைக்கை மூடக்கூட இல்லை. "என் பொழப்புக்குப் பயந்துட்டேன்."

சோணைமுத்து கையிலிருந்த வயர்ச் சுருளைக் கீழே போட்டான். பிறகு மேடையில் ஏறி, ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கொண்டுவந்த காலி மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, அதை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்து உட்கார்ந்தான். இடது கையால் மரப்பெட்டியில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். வலது கையில் கம்பி முனையை வாங்கிக்கொண்டான். இரண்டு தரம் தொட்டுப் பழகினான். உரசவில்லை.

"எங்கருந்து?" என்றான்.

"பல்லவியில இருந்து. ஒரு நிமிசம் பொறு, சுரத்தை முதலுக்குக் கொண்டுபோறேன்."

வெள்ளைத்துரை பல்லவியை எடுத்தார். சோணைமுத்து மரப்பெட்டியில் தாளம் போட்டு, கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். பேஸ் நடக்கத் தொடங்கியது. இரண்டு வரி போனதும் நல்லகாமனின் வலது கை தடுமாறியது. அவன் கேட்டுக்கொண்டிருந்தது பெட்டியின் பேஸ் அல்ல. மேல்சுரத்துக்குப் போகும் முன் இம்மியளவு தயங்கி, பிறகு விழுகிற ஒரு கை. மூன்றாவது அடியை எப்போதும் கொஞ்சம் முந்திவிடுகிற ஒரு கை. தன் இடது கை. அதற்கு இப்படி ஒரு நடை இருந்தது என்பதே நல்லகாமனுக்கு அன்றுவரை தெரியாது. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் அதை அப்படியே, ஒரு கம்பி முனையால், திருப்பி வாசித்துக்கொண்டிருந்தான். சரணம் வந்தது. மயிரிழை இழுத்துப் பிடித்தான். பேஸும் கூடவே நின்று, கூடவே இறங்கியது.

நல்லகாமன் அழுதுகொண்டே வாசித்தான். துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை ஒழியவில்லை. கீழே யாரும் இப்போது சிரிக்கவில்லை. பன்னிரண்டு பாட்டையும் முடித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நல்லகாமன் ஒற்றைக் கையால் சுரங்களைப் புதிதாக ஏற்ற, அதுவரை வெள்ளைத்துரை ஏதாவது கதை சொல்லிச் சமாளித்தார்.

வேனில் சாமான் ஏற்றும்போது அலீம் பாய் நல்லகாமனின் தோளில் கை வைத்தார். "மானத்தைக் காப்பாத்திட்டே. அடுத்த முறைக்கு ரிதம் பாக்ஸையும் பேட்டரியில ஓட்டறதுக்கு வழி பண்ணிட்டா இந்தத் தொல்லை இருக்காது."

"அடுத்த முறை சோணைமுத்து டிரம்ஸ்ல உக்காரட்டும் பாய். அவன் கையாலேயே பேஸை ஓட்டறேன்."

"அது ஒருநாளைக்கு நல்லாருக்கும் தம்பி. தினமும் சரிவருமா?"

"வராட்டி நானும் வரலை பாய்."

அலீம் பாய் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "இந்தக் கையை வச்சுக்கிட்டு எங்க போவே நீ?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நல்லகாமன் வேனில் ஏறாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.

பஸ் ஸ்டாப்பில் புளியமரத்தடியில் சோணைமுத்து நின்றிருந்தான். அவனும் வேனில் ஏறியிருக்கவில்லை. நல்லகாமன் நடந்ததைச் சொன்னான்.

"உனக்குக் கோட்டி புடிச்சிருச்சு" என்றான் சோணைமுத்து. "நான் அடுத்த திங்கக்கிழமை திருப்பூர் போறேன். பனியன் கம்பெனியில மச்சான் வேலை சொல்லி வச்சிருக்கான். முடிவாகி ஒரு வாரம் ஆச்சு. நீ போய் பாயைப் பாரு."

நல்லகாமன் அவன் கையைப் பிடித்தான். "என்னை மன்னிச்சிரு மாப்ள."

சோணைமுத்து கையை உதறவில்லை. ஆனால் யோசித்துத்தான் பேசினான். "மன்னிச்சிட்டேன்னு இப்பச் சொன்னா அது பொய்யி. இன்னைக்கு வாசிச்சது நல்லா இருந்துச்சு. அது நெசம். மத்தது கொஞ்ச நாளாகட்டும்."

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். இடம் இருந்தும் சோணைமுத்து முன்பக்கம் போய் உட்கார்ந்தான்.

சொன்னபடி அவன் திருப்பூர் போனான். நல்லகாமன் அலீம் பாயிடம் திரும்பிப் போகவில்லை. கையைப் பற்றி சுந்தரம்மாளிடம் கச்சேரி நடந்த அன்றே சொல்லிவிட்டான். அவள் அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் தனியா வச்சு மருகுனியாக்கும்" என்று மட்டும் கேட்டாள். அந்த வருஷம் அவர்களுக்கு மோசமாகவே கழிந்தது. தை பிறந்தபின் ஒரு தபால் கார்டு வந்தது. கோணல் எழுத்தில் நாலே வரி. பனியன் கம்பெனியில் மெஷின்கள் எல்லாம் ஒரே தாளத்தில் ஓடுகின்றன, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன், கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான். கீழே விலாசமும் எழுதியிருந்தான்.

நல்லகாமன் அன்று மத்தியானமே பதில் எழுத உட்கார்ந்தான். "அன்புள்ள மாப்ளைக்கு" என்பதற்கு மேல் எப்படி எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. பிறகு, கை அப்படியேதான் இருக்கிறது என்று எழுதினான்.